வாவும் மோவும்

துணை மேல் சந்தேகப்படுகிறவர்கள் சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பார்கள், குளிக்கப் போன நேரத்தில் கைபேசியைத் திறந்து பார்ப்பார்கள். காஷ்பருக்குச் சந்தேகம் ஒரு வினைமுற்றிலிருந்து வந்தது.

ஸ்லொவேனியத் தலைநகரம் லியூப்லியானாவில், ஷிஷ்கா பக்கம் அவனும் பிரினாவும் குடியிருந்த வீட்டில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சமையலறை மேசைமேல் கணினியை விரித்துக்கொண்டு அந்த வாரத்துப் பதிவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து 'பின்காற்று' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். புதிதாக வந்த கருவிகள், சைக்கிள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் தொடர்கள், பாட்டுப் போட்டிகள் என்று எதைப் பற்றியும் வாரத்துக்கு ஒருமுறை பேசுவார்கள். அந்தப் பதிவின் நடுவில் பிரினா சாதாரணமாக ஒன்று சொல்லியிருந்தாள்: கோடையில் சரயேவோ வரைக்கும் சைக்கிளில் போவோம்.

தமிழில் எழுதினால் இதில் ஒரு குற்றமும் தெரியாது. ஸ்லொவேனிய மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று இருக்கிறது. சரியாக இரண்டே பேர் என்றால் வினையின் வால் 'வா' என்று முடியும். மூன்று பேரிலிருந்து மூன்று கோடி பேர் வரைக்கும் 'மோ'. காதலர்கள், தம்பதிகள், கூட்டுக் களவாணிகள் எல்லாரும் தங்களைப் பற்றி வா போட்டுத்தான் பேசுகிறார்கள். தமிழ்க் காதுக்கு எந்நேரமும் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். பிரினா சரயேவோவுக்கு மோ போட்டிருந்தாள்.

காஷ்பர் பின்னோக்கி ஓட்டிக் கேட்டான். மோ. வேகத்தைக் குறைத்துக் கேட்டான். மோ நீண்டதே தவிர வா ஆகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இது ஒரு பெரிய விஷயமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்னும் அவசரத்தில், இருவர் மட்டும் இருந்தாலும் மோ சொல்லிவிடுகிறவர்கள் தலைநகரத்திலும் உண்டு. ஆனால் பிரினா அந்த ரகமில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசனத்தை, சப்டைட்டிலை, எழுதுவது அவள் பிழைப்பு. இருட்டில் நிற்கும் கொலைகாரர்கள் இரண்டு பேரா மூன்று பேரா என்று தெரியாமல் அந்த மொழியில் ஒரு வரி எழுத முடியாது. மூன்றாமவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான், அவன் இருப்பது அடுத்த வாரம்தான் தெரியவேண்டும் என்றால், அவனைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு வாக்கியம் அமைக்க அவளுக்கு அரை நாள் போய்விடும். எண்ணிக்கையில் கவனம் பிசகுவதற்கு அவளுக்கு வாய்ப்பே இல்லை.

ஆகவே, சரயேவோவுக்கு வருகிற மூன்றாவது ஆள் யார்?

இந்தக் கேள்வியில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காஷ்பர் பிறந்து வளர்ந்தது இருமை என்பதே இல்லாத ஊரில். கோப்பெர் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் இரண்டு பேரானாலும் இருநூறு பேரானாலும் மோதான் போடுவார்கள். அவன் அம்மா லொரெதானா தன் ஆயுசில் ஒரு வா சொன்னதில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது அவரும் அவளும் இருபத்தைந்து வருஷம் மோவிலேயே குடித்தனம் நடத்தி, மோவிலேயே சண்டை போட்டு, மோவிலேயே சமாதானமாகியிருக்கிறார்கள். படிக்க லியூப்லியானாவுக்கு வந்தபோதுதான் காஷ்பருக்குத் தன் பேச்சில் ஓர் எண் குறைகிறது என்பதே தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால் கடற்கரையா என்றார்கள். வெயில் எப்படி என்று விசாரித்தார்கள். அதற்குப் பிறகு மதம் மாறியவன் பூசாரியைவிட அதிகமாகக் கோவிலுக்குப் போவதுபோல் ஆகிவிட்டான்.

பிரினாவை அவன் முதலில் பார்த்ததே அப்படித்தான். அவரவர் சைக்கிளை அவரவரே சரிசெய்துகொள்ளும் ஒரு பொதுப் பட்டறையில், கைகளெல்லாம் கறுப்பாக நின்றிருந்தாள். வெகுதூரம் மிதித்து வந்ததில் கால்கள் வலிக்கின்றன என்று காஷ்பர் சொன்னான். சொன்னபோது கால்களுக்கு அக்கறையாக இருமை போட்டான். கால், கண், காது, அம்மா அப்பா என்று பிறவியிலேயே ஜோடியாக வருபவற்றுக்கு அந்த மொழியில் இருமை போடுவதில்லை, பன்மையே போதும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. பிரினா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறாயே, ஒன்று தொலைந்துபோய்க் கிடைத்ததா என்று கேட்டாள். ஒரு மாதம் கழித்து இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவன் வாவில் கெட்டிக்காரனாகிவிட்டான்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனுக்கு வேலையும் வாங்கித் தந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான ஒரு செயலியில், திரையில் தோன்றும் குட்டிக் குட்டி வாக்கியங்களை ஸ்லொவேனியனில் எழுதுகிறவன் அவன். ஒரு ஏற்றம் ஏறினால் ஒரு வடிவம், இரண்டு ஏறினால் இன்னொன்று, மூன்று நான்குக்கு வேறு, ஐந்திலிருந்து வேறு. நூற்றியோராவது ஏற்றத்தில் எல்லாம் சுற்றி வந்து மறுபடி ஒருமை. வேற்றுநாட்டு மேலாளர் ஒருவர், ஏன் எல்லாவற்றுக்கும் பன்மையையே போட்டுவிடக்கூடாது என்று கூட்டத்தில் கேட்டபோது, எழுந்து நின்று இருமைக்காக வாதாடியவன் இந்தக் கடற்கரைக்காரன்தான். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது கூட்டம் இல்லை, அதற்கென்று தனிச் சொல் வேண்டும் என்றான். கேட்டவர்கள் கொஞ்சம் உருகிப்போனார்கள். அதை அன்று மாலையே பாட்காஸ்டில் விவரமாகச் சொன்னான்.

பாட்காஸ்டில் அவன் சொல்லாதது குறைவு. மின்சைக்கிள் சைக்கிளே அல்ல, வெட்கப்படத் தெரியாத மோட்டார் என்பான். அவன் சம்பளத்தில் பாதி மின்சைக்கிள்காரர்களிடமிருந்து வருகிறது. கைபேசி மனுஷனைக் கெடுத்துவிட்டது என்பான், அதற்காகவே புதுக் கைபேசி வந்த அன்று வாங்கி அலசுவான். யூரோவிஷன் போட்டிப் பாட்டுகளை மட்டமென்று ஏசுவான், பத்து வருஷத்துப் பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம். கேட்பவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. பிரினா நடுநடுவே ஒரு வார்த்தை போட்டு அவனைக் கவிழ்ப்பாள். அதற்காகவே கேட்பவர்களும் இருந்தார்கள்.

சரி, மூன்றாவது ஆள். யோசித்துப் பார்த்ததில் காஷ்பருக்கு ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது. தீலென் என்று ஒருவன், சைக்கிள் சக்கரம் கோர்ப்பவன், போன இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரையில் கடை திறந்தவன். பிரினா வாரம் ஒரு மாலை அங்கே போய் ஆரக்கம்பி கோர்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். தீலெனுக்கு மீசை இருந்தது. அதிகம் பேசமாட்டான். காஷ்பர் போன்ற பேச்சுக்காரனுக்கு, பேசாத ஆண்களைக் கண்டாலே கொஞ்சம் பயம்தான்.

பிரினாவையே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மனுஷரிடம் நேரில் கேட்பது என்பது காஷ்பருக்கு எல்லாக் கதவும் அடைத்த பிறகு தட்டவேண்டிய கதவு. அவன் அதற்குப் பதிலாக ஒரு நிரல் எழுதினான். ஆரம்பத்திலிருந்து எல்லாப் பதிவுகளையும் அதற்குள் போட்டால் குரலை எழுத்தாக்கி, யார் பேசியது என்று பிரித்து, வினைகளின் வாலை எண்ணித் தரும். பிரினா எத்தனை வா சொன்னாள், எத்தனை மோ சொன்னாள், மாதாமாதம் ஒரு கோடு. அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் உட்கார்ந்து இதைச் செய்து முடித்தபோது, வேலை சுத்தமாக வந்திருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டான். அப்புறம் கோட்டைப் பார்த்தான்.

கோடு போன இலையுதிர் காலத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. வா குறைந்தது, மோ ஏறியது. தீலென் கடை திறந்ததும் அப்போதுதான். புள்ளிவிவரத்துக்கு ஒரு நல்ல குணம், கேட்பவர் எதைத் தேடி வந்தாரோ அதைக் கையில் கொடுத்து அனுப்பும்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை விசாரணை என்றுதான் சொல்லவேண்டும், விசாரிக்கப்படுகிறவருக்குத் தெரியவில்லை என்பதுதான் குறை. அவளை வா சொல்லவைக்கும்படியான கேள்விகளாக யோசித்து யோசித்துக் கேட்டான். சாயங்காலம் என்ன சாப்பிடப்போகிறோம்? பிரினா வினையே இல்லாமல், சூப் என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம்? உங்கம்மா வீட்டுக்கு என்றாள். சனிக்கிழமை சினிமாவுக்குப் போவோமா என்று அவனே அழுத்தமாக வா போட்டுக் கேட்டான். அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்து, தொண்டை சரியில்லையா என்றாள். அவள் மோ சொன்னால் சந்தேகம் வந்தது. வா சொன்னால், தெரிந்துகொண்டுதான் மாற்றிச் சொல்கிறாளோ என்று அதைவிட அதிகமாக வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் இரண்டு ஏற்றங்கள் ஏறியவருக்கு வாழ்த்து எழுத உட்கார்ந்து, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்விடுவாளோ என்ற நினைப்பு காலையில் பல் துலக்கும்போதே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறன்று கோப்பெருக்குக் கிளம்பினார்கள். லொரெதானா வீட்டில் மதியச் சாப்பாடு, கணவாய்க் கறியும் சோளக் களியும் என்று வாரத்தின் நடுவிலேயே சேதி வந்திருந்தது. லியூப்லியானாவிலிருந்து கோப்பெர் வரைக்கும் சைக்கிளில் போவது அவர்களுக்குப் புதிதில்லை. விடிந்ததும் கிளம்பினால், வெர்ஹ்னிக்காவின் மூடுபனி தாண்டி ஏறி, போஸ்டோய்னாவில் ஒரு காப்பி குடித்து, கார்ஸ்ட் பாறைநிலத்தின் வழியாகக் கடலைப் பார்க்க இறங்கிவிடலாம். பிரினா முன்னால் போனாள். காஷ்பர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ராஸ்ட்ர்தோ தாண்டியதும் பூர்யா பிடித்துக்கொண்டது. வடகிழக்கிலிருந்து அறைகிற அந்தக் காற்று சில நாட்களில் லாரியையே சாய்க்கும். அன்று சைக்கிளை மட்டும் ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளி வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. செனொஷெச்சே வந்ததும் பிரினா ஒரு விடுதி முன்னால் நிறுத்திவிட்டாள். உள்ளே போய்ப் பூண்டு மணக்கும் சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காற்று எப்போது தணியும் என்று பார்க்கலாம், உன் கைபேசியைக் கொடு, என்னுடையதில் சார்ஜ் இல்லை என்றாள். காஷ்பர் கொடுத்தான். கொடுத்த பிறகுதான், காலையில் கழிவறையில் உட்கார்ந்து கடைசியாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

பிரினா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். காற்றைப் பற்றிய படம்தான் என்று முதலில் நினைத்திருப்பாள் போலிருக்கிறது, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது என்னடா, பிரினா வா, பிரினா மோ?"

வேலை சம்பந்தமானது என்று ஆரம்பித்தான். பிரினா பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்தப் பொய் தானாகவே நடுவழியில் நின்றுவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சரயேவோ, மோ, நிரல், இலையுதிர் காலம். தீலென் பெயரைச் சொல்லும்போது சூப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரித்தாள். அது முதலில் நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

"தீலெனா? அவன் ஒரு சாயங்காலத்துக்கு மொத்தமே நாலு வார்த்தைதான் பேசுவான். அதுல ரெண்டு 'இறுக்கு', ரெண்டு 'தளர்த்து'. அவன்கிட்ட இருந்து எனக்கு மோ எப்படிடா ஒட்டும்?"

"அப்ப யாருகிட்ட ஒட்டிச்சு?"

"உங்கம்மாகிட்ட."

கதை இதுதான். போன இலையுதிர் காலத்தில் லொரெதானாவுக்கு முழங்கால் அறுவை ஆனது. அந்தச் சமயம் காஷ்பருக்குச் செயலியில் புதுப் பதிப்பு, தலைக்கு மேல் வேலை. அம்மாவுக்கு யார் போன் செய்வது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அவன் வேலையாக இருக்கிறானே என்று பிரினா செய்ய ஆரம்பித்தாள். முழங்கால் சரியாகிவிட்டது, போன் நிற்கவில்லை. தினமும் வசனம் எழுதி முடித்துவிட்டு ஒரு மணி நேரம். லொரெதானாவின் பேச்சு அவள் நாக்கில் ஏறிவிட்டது. மோ மட்டுமில்லை, கடற்கரையின் இழுவை, பாதி இத்தாலியனில் ஏசுவது எல்லாமே வந்துவிட்டது. போன மாதம் ஒரு வசனத்தில் இருமை விட்டுப்போய், இரண்டு பேர் திருடிய வங்கியை ஒரு கும்பலே திருடியதாகத் திரையில் வந்துவிட்டது. மேற்பார்வையாளர் காட்டிக் கேலி செய்தாராம்.

காஷ்பருக்கு உடம்பு லேசாகிவிட்டது. சூப் திடீரென்று ருசித்தது. தலைநகரத்துக்காரி ஒருத்தி அவன் அம்மாவின் பேச்சுக்காகத் தன் பேச்சைத் தொலைத்திருக்கிறாள், இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? இதை வைத்து ஒரு பதிவே செய்யலாம் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும்விட்டான்.

பிரினாவின் சிரிப்பு அங்கேதான் நின்றது. அவள் கைபேசியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"என் கோடு இது. உன் கோடு எங்க?"

"என்னோடது எதுக்கு?"

"மெஷின் ரெண்டு பேர் குரலையும்தானே கேட்டிருக்கும்?"

கேட்டுத்தான் இருந்தது. காஷ்பர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. திறக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பிரினா திறந்தாள். தன்னைப் பற்றி மட்டும் பேசும்போது அந்த மொழியில் வினை 'ம்' என்று முடியும். நிரல் அதையும் எண்ணியிருந்தது, அது எல்லா வாலையும்தான் எண்ணும். ஆரம்ப மாதங்களில் காஷ்பரின் வா மலை மாதிரி நின்றது. அப்போது அவன் வாவைக் கற்றுக்கொண்டிருந்த காலம், கிடைத்த இடத்திலெல்லாம் போட்டான். அப்புறம் சரிந்துகொண்டே வந்து, கடைசி ஒரு வருஷத்தில் தரையோடு தரையாகக் கிடந்தது. அவள் கோடு இறங்கியதைவிட இது செங்குத்து. மேலே போனது ம். நான் வாங்கினேன், நான் யோசித்தேன், நான் ஓட்டினேன்.

விடுதிக்காரி வந்து வேறு ஏதாவது வேண்டுமா என்றாள். காஷ்பர் தலையை ஆட்டினான். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று புரியாமல் அவள் போய்விட்டாள்.

"ப்ளோக்கே மேட்டுல சங்கிலி அறுந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் பிரினா.

இருந்தது. மழை, ஆளில்லாத சாலை, அவன் சைக்கிளின் சங்கிலி.

"யாரு சரி பண்ணா?"

"நீ."

"பாட்காஸ்ட்ல யாரு சரி பண்ணா?"

பாட்காஸ்டில் அவன் அதைப் பிரமாதமாகச் சொல்லியிருந்தான். விரல் விறைத்துப்போனது, கல்லால் சங்கிலி ஊசியைத் தட்டியது, கடைசியில் சங்கிலி 'டிக்' என்று பொருந்திய சத்தம், ஒன்றும் விடவில்லை. விரல் மட்டும் அவனுடையதாக மாறியிருந்தது. வேண்டுமென்று மாற்றவில்லை, கதை அப்படிச் சொன்னால் ஓட்டமாக வந்தது என்று அவன் விளக்கினான். கேட்டவர்கள்கூட மிகவும் ரசித்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"நானும் அங்கதான்டா உக்காந்திருந்தேன். எதிர் மைக்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் திறந்தேன். நீ அடுத்த விஷயத்துக்குப் போயிட்ட." அவள் கைபேசியை அவன் பக்கம் தள்ளினாள். "மூணாவது ஆள் யாருன்னு இத்தனை நாளாத் தேடியிருக்க. ரெண்டாவது ஆள் ஒருத்தி இருக்காளான்னு ஒரு தடவைகூடப் பாக்கலையே நீ."

நிரலை அழித்துவிடுகிறேன் என்றான். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. உங்கள் கணினி ஆட்கள் அழிக்கிறேன் என்றால் இன்னோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டான். கேட்ட வாக்கியத்தில் நான்கு 'நான்' இருந்ததை அவனே கவனித்து நடுவில் நிறுத்தினான். அவள் அதற்குச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன், நான் சாப்பாட்டுக்குப் போகிறேன், நீ திவாச்சாவில் ரயில் பிடித்து வீட்டுக்குப் போ என்றாள். காஷ்பர் முதலில் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்தான். அது என் அம்மா என்றான்.

"தெரியும். இத்தனை மாசமா நான்தானே பேசுறேன்."

எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டதற்கு, வசனம் எழுதக் கணினி இருந்தால் போதும், கடற்கரையிலும் எழுதலாம் என்று மட்டும் சொன்னாள். அவனைப் பழைய பதிவுகளைக் கேட்கச் சொன்னாள். வெட்டாததை, மெஷினை விட்டு எண்ணாமல் காதால் கேட்கச் சொன்னாள்.

செனொஷெச்சேயிலிருந்து திவாச்சா வரைக்கும் இருவரும் ஒரே சாலையில்தான் போகவேண்டும். கோபித்துக்கொண்டு பிரிகிறவர்களுக்கு இது சங்கடமான ஏற்பாடு. பூர்யா முதுகில் கையை வைத்து இருவரையும் தள்ளிக்கொண்டு போனது. மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. வேறொரு நாளாக இருந்தால் கூச்சல் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். திவாச்சா வளைவில் பிரினா கையை நீட்டி, பின்னால் வருகிற எந்த அந்நியனுக்கும் காட்டுவதுபோல ஒழுங்காகச் சைகை காட்டி, கோசினா சாலையில் திரும்பினாள். காஷ்பர் நின்றான். அவளைப் பின்தொடர்ந்து போயிருக்கலாம். சொந்த அம்மா வீட்டுக்கு அழைக்காமல் போவது எப்படி என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் பாறைகளுக்கு அப்பால் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் அடிக்கடி வராது. நடைமேடையில் காற்றுக்கு ஒதுங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, காதுக் கருவியை மாட்டினான். வெட்டாத பதிவுகள் எல்லாம் கைபேசியிலேயே இருந்தன. ப்ளோக்கே மேட்டுக் கதை இருந்ததைத் தேடி எடுத்தான். தன் குரல் அவனுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று கொஞ்சம் வேகம் அதிகமோ என்று பட்டது. மழை வந்தது, சங்கிலி அறுந்தது, விரல் விறைத்தது. சங்கிலி பொருந்திய இடத்தில் மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. எதிர் மைக்கில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், பேச ஆரம்பிக்கப்போகிறவர் இழுக்கும் மூச்சு. அதற்கு மேல் ஒன்றுமில்லை, அவன் குரல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வேறொரு பதிவைத் திறந்தான். அதிலும் இருந்தது. இன்னொன்றில் இரண்டு முறை. வாராவாரம் வெட்டி ஒட்டும்போது இந்த மூச்சுகளை அவன்தான் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருந்தான். கேட்பவர்களுக்கு இரைச்சலாக இருக்கக்கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை. ஒரு ரயில் வந்து, கதவு திறந்து மூடி, லியூப்லியானாவை நோக்கிப் போனது. காஷ்பர் அதைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

மூன்றோ நான்கோ பதிவுகள் கேட்ட பிறகு அம்மா கூப்பிட்டாள்.

"பிரினா வந்துட்டா. நீ ரயில் ஏறிட்டியா?"

"இல்லம்மா."

"என்னடா சண்டைன்னு கேட்டேன். இலக்கணம்ங்கறா. இலக்கணத்துக்கு யாராச்சும் சண்டை போடுவாங்களா?"

காஷ்பர் பேச்சை மாற்றினான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"அது சரியாகி எவ்வளவு நாளாச்சு," என்றாள் லொரெதானா. திட்டுகிறமாதிரிச் சொல்லவில்லை.

"அவகிட்ட குடும்மா."

"கை கழுவுறா. இரு, கேக்குறேன்."

போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். குழாய்த் தண்ணீர் நிற்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், தட்டு. அம்மா ஏதோ கேட்டாள், பிரினா ஏதோ சொன்னாள். சொல் புரியவில்லை, ராகம் மட்டும் வந்தது; யார் கடற்கரைக்காரி, யார் தலைநகரத்துக்காரி என்று அந்தத் தொலைவில் பிரிக்க முடியவில்லை. காஷ்பர் காதுக் கருவியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அப்புறம் பேசுறாளாம்," என்று அம்மா திரும்ப வந்தாள். "எப்பன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. கணவாய் ஆறிடும்டா. நாங்க சாப்பிடப் போறோம்."

மோ போட்டுத்தான் சொன்னாள், அவளுக்கு வேறு தெரியாது. வீட்டில் இருப்பது எத்தனை பேர் என்று இந்த முறை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.